ஆமை கரையேறிய பிறகு

வேன் ஆமத்தூரைத் தாண்டும்போதே வள்ளித்தாயின் விரல் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். பாட்டு அல்ல, சீரியல் அல்ல. பேச்சு. மற்றவர்கள் பாட்காஸ்ட் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். தலைப்பு புரிந்துவிட்டால் தள்ளிவிடுவாள். "தெரிஞ்சதையே எதுக்குக் கேக்கணும்? அதுக்கு எங்க வீட்டுக்காரரு பேசுறதே போதும்." கருந்துளை, உப்புக்காக நடந்த சண்டைகள், தூக்கத்தில் மூளை செய்யும் வேலை என்று புரியாத தலைப்பில்தான் விரல் நிற்கும். பேசுகிறவர் அவசரப்பட்டால் அவரையும் தள்ளிவிடுவாள். நிதானமான குரல் கிடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். வெளியே ஓடும் கருவேலங்காடு அவளுக்கு அப்போது கடல், சில நாள் வானம்.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் எல்லாம் நின்றுவிடும். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் சண்முகவேல் மரப்பெட்டியை நீட்டுவார்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி, ஆளு இப்பத்தான் விசயத்துக்கு வாராரு."

"அவரு சாயங்காலம் வருவாரு தாயி. நீ உள்ள போ."

பேசுகிறவர் பாதி வாக்கியத்தோடு பெட்டிக்குள் போவார். அறை வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டு உட்காருவாள். கேட்டது மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும்.

அறைக்கு நாலு பேர்தான். புஸ்வாணப் பூச்சட்டிகளுக்கு வண்ணத்தாள் ஒட்டியபடியே காலையில் கேட்ட பாதியைச் சொல்வாள். மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். மீதியை அவளாகவே சொல்வாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. மேலே ஏறும் வாணம் விரிவதற்கு முன்பே கண் அங்கே போய்க் காத்திருக்குமே, அதுபோலத்தான். சாயங்காலம் வேனில் உண்மை முடிவைக் கேட்பாள். மறுநாள் வந்து, "நேத்துச் சொன்னது நம்ம சரக்கு. அசலு இன்னைக்குத்தான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் கடலாமை. பிறந்த கரைக்கே, எத்தனையோ வருடம் கழித்து, முட்டையிடத் திரும்பி வருகிறது. எப்படி? அந்த இடத்தில் கேட் வந்துவிட்டது.

"எப்படிக்கா வழி கண்டுபிடிக்குது?" அறையில் சின்னவளான பஞ்சம்மாள் விடவில்லை.

வள்ளித்தாயின் கை தாளின் மேல் நின்றது. வாசலுக்கு வெளியே வெயிலில் வெளுத்துக் கிடந்த பொட்டல் அவள் கண்ணில் மெல்லக் கடற்கரை மணலாய் ஈரமாயிற்று. "தாய் ஆமதான். கரைக்குப் பக்கத்துலயே அங்கன கெடக்கும். இத்தன வருசமும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். தண்ணிக்குள்ள சத்தம் எம்புட்டுத் தூரமும் போகும்ல."

"வேற சோலி இல்லாத ஆம போல!"

பஞ்சம்மாள் சிரித்தாள். எதிரே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த மாடத்தி சிரிக்கவில்லை. அவள் மகள் ரோஜா, வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் முடித்துத் திருப்பூருக்குப் போய் மூன்று வருடம். அந்தப் பெயரை யாராவது எடுத்தால் மாடத்தி எழுந்து போய்விடுவாள்.

"ஏட்டி, அதுக்குக் கோவமே வராதா?"

"வரும் மதினி. வந்தாலும் கூப்பிடும்."

அதன் பிறகு மாடத்தி ஒட்டிய தாளெல்லாம் கோணல்.

சாயங்காலம் வேன் கிளம்பியதும் மீதிப் பேச்சு வள்ளித்தாயின் காதில் ஓடியது. தாய் ஆமை முட்டைகளை மணலால் மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுமாம். குஞ்சுகளின் முகத்தை அது பார்ப்பதே இல்லையாம். வழி காட்டுவது பூமியின் காந்தம் என்றார் பேசுகிறவர், அதே நிதானத்தோடு.

பக்கத்தில் மாடத்தி தன் போனைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் ரோஜாவின் பெயர். இத்தனை நாளும் அழிக்காமல்தான் இருந்திருக்கிறாள்.

"ஏட்டி வள்ளி, அந்த ஆம சொன்னியே, நெசந்தான? கூப்பிடும்ல?"

கேட்டதைச் சொல்ல வாயெடுத்தாள் வள்ளித்தாய். மாடத்தியின் விரல் ரோஜாவின் பெயருக்கு மேல் நின்றது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். மறுநாள் வரை பொறுக்கிற கேள்வி இல்லை இது.

"நீங்க கூப்பிடுங்க மதினி."

மாடத்தி எண்ணை அழுத்திவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். திருத்தங்கல் நெருங்க நெருங்க லாரிகளின் ஹாரனும் காற்றின் இரைச்சலும் வேனுக்குள் புகுந்தன. "மணி அடிக்குதுட்டி" என்றாள் மாடத்தி, யாருக்கோ பயந்தவள் மாதிரி.

வள்ளித்தாய் எழுந்து பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

"யக்கா, வெந்து சாகவா?" என்றாள் பின்சீட்டிலிருந்து பஞ்சம்மாள்.

உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, வள்ளித்தாய் அவள் பக்கத்துக் கண்ணாடியையும் சாத்தப் போனாள்.