பீப் சத்தம் வந்த அறை

என் வலது கைச் சுண்டுவிரல் முழுதாக மடங்காது. எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. எப்படி உடைந்தது என்று கேட்பவர்களிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுவேன். போலீசில் ஒருமுறை உண்மையைச் சொன்னேன். சிரித்து அனுப்பினார்கள். அன்று அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிரிக்க நினைப்பவர்கள் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

2006 நவம்பர். வத்தலக்குண்டில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் டிக்சன். சொந்த ஊர் கொடைக்கானல். மலையில் பிறந்தவன் என்பதால் மேலே எங்கிருந்து போன் வந்தாலும் கடைக்காரர் என்னைத்தான் அனுப்புவார்.

அன்று வந்த போன் தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் ஒரு காபி எஸ்டேட்டிலிருந்து. கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. இன்றே ஆள் வேண்டும்.

சின்னக் கோளாறு. பெரும்பாலும் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடும். பையில் ஒரு புதுக் கீபோர்டும் சில பாகங்களும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தாண்டிக்குடியில் எஸ்டேட் ஜீப் நின்றது. டிரைவர் பெயர் சோலைமுத்து. ஐம்பது வயது இருக்கும். மழை தூறிக்கொண்டே இருந்தது. செங்குத்தான மண் பாதை. வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"தம்பிக்கு இழுப்பு, மூச்சுத்திணறல் ஏதும் உண்டுங்களா?"

"இல்லண்ணே. ஏன்?"

"குளிர் சாஸ்தி. அதுக்குக் கேட்டேன்."

பங்களா வாசலில் என்னை இறக்கியதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மணி ஐந்தேகால். பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது.

எஸ்டேட் முதலாளி சிவராமன் வந்து கை கொடுத்தார். நல்ல மரியாதை. நல்ல சிரிப்பு. ஆனால் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன. அவர் பின்னால் மனைவி விசாலாட்சி நின்றார். அவர் கண்ணும் அப்படித்தான். கன்னம் ஒட்டி, பல நாள் தூங்காதவர்போல இருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு கணவரிடம் கேட்டார்.

"இந்தத் தம்பி ராத்திரி இருப்பாருல்ல?"

"இருப்பாரு," என்றார் சிவராமன்.

நான் சிரித்தேன். "அரை மணி நேர வேலைதாங்க. கடைசி பஸ்ஸைப் பிடிச்சிருவேன்."

சிவராமன் என் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போனார்.

கம்ப்யூட்டர் அறை பங்களாவின் பின்கோடியில் இருந்தது. முன்பு காபிக் கொட்டை மூட்டை அடுக்கிய இடமாம். கனமான மரக் கதவு. ஜன்னல் ஒன்றுதான், அதற்கும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, குண்டு பல்பு. அறைக்குள் ஈரக் கம்பளி வாடை அடித்தது. கதவின் உட்பக்கம் கீழ்ப்பாதியில் மட்டும் பெயிண்ட் உரிந்து, மரம் வெள்ளையாகத் தெரிந்தது. நாய் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாருங்க தம்பி. டீ அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டுச் சிவராமன் போனார்.

மெஷினை ஆன் செய்தேன்.

பீப்... பீப்... பீப்...

திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. கீபோர்டு கோளாறு. தொடர F1 அழுத்தவும். அவ்வளவுதான்.

நிம்மதியாக இருந்தது. கீபோர்டில் ஏதாவது பட்டன் அமுங்கியபடி சிக்கிக்கொண்டால் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் இப்படித்தான் கத்தும். பழைய கீபோர்டைக் கழற்றிவிட்டு, பையில் இருந்த புதியதைப் பிரித்து மாட்டினேன். மறுபடியும் ஆன் செய்தேன்.

பீப்... பீப்... பீப்...

அதே வரி.

குனிந்து கீபோர்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முன்னால் நான் கவரைக் கிழித்து எடுத்த கீபோர்டு. அதில் பட்டன்கள் அமுங்கியிருந்தன. ஒன்று இரண்டு இல்லை. இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். யாரோ இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல...

விரலால் ஒரு பட்டனை நெம்பிப் பார்த்தேன். எழும்பவில்லை. சில்லென்று இருந்தது.

அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு மாட்டும் சத்தமும் தெளிவாகக் கேட்டது.

"சார்!" என்று கூப்பிட்டேன். "சார், கதவு பூட்டிருச்சு!"

வெளியே சிவராமன் குரல். அமைதியாக, பக்கத்திலேயே.

"காட்டு மாடு நடமாட்டம் இருக்கு தம்பி. காலையில வெள்ளனே தொறந்து விடுறேன்."

"சார், வெளையாடாதீங்க!"

"பயப்படாதீங்க. அது உங்கள ஒண்ணும் செய்யாது."

காட்டு மாட்டைச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். காலடிச் சத்தம் நடந்து தேய்ந்தது. மொபைலை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. மணி ஆறு பத்து.

கதவை உதைத்தேன். தோளால் மோதினேன். அசையவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தையாவது நிறுத்தலாம் என்று கீபோர்டு ஒயரைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

பவர் பட்டனை அழுத்தி ஆஃப் செய்தேன். திரை அணைந்தது. பீப்... பீப்...

சுவரிலிருந்து பிளக்கையே உருவினேன். கையில் பிளக்கோடு நின்றேன். பீப்... பீப்... பீப்...

கரண்ட் இல்லாமல் எந்த மெஷினும் சத்தம் போடாது. எனக்குத் தெரியும். என் தொழில் அது. ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். மெமரியை உருவினேன். பேட்டரியை நெம்பி எடுத்தேன். கத்தியது. கடைசியாக உள்ளே இருந்த குட்டி ஸ்பீக்கரின் ஒயரைக் கட்டரால் வெட்டினேன்.

சத்தம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும். மூச்சு விட்டேன்.

டக்... டக்... டக்...

கதவு.

யாரோ தட்டுகிறார்கள். திறக்க வந்துவிட்டார்கள் என்று எழுந்து ஓடினேன். கதவில் காதை வைத்தேன்.

டக்... டக்...

சத்தம் வெளியே இருந்து வரவில்லை.

உள்ளே. என் முழங்காலுக்குப் பக்கத்தில். தரையில் உட்கார்ந்துகொண்டு தட்டினால் எந்த உயரத்தில் கேட்குமோ, அந்த உயரத்தில். பெயிண்ட் உரிந்த இடத்தில்.

குண்டு பல்பு அணைந்தது.

இருட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. என்னுடையது இல்லை. விசில்போல இழுத்து, பாதியில் அறுந்து, மறுபடி இழுக்கும் மூச்சு.

பிறகு குரல். பெண் குரல். சின்ன வயது.

"ஐயா... நான் எடுக்கலீங்கய்யா..."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"கதவத் தொறந்து விடுங்கய்யா... மூச்சு வரலீங்க..."

கோபமில்லை. மிரட்டல் இல்லை. கெஞ்சல்... கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போன குரல். அதுதான் தாங்க முடியவில்லை. நானும் கதவில் விழுந்து இரண்டு கையாலும் அடித்தேன். "சார்! திறங்க சார்!"

பங்களாவின் முன்பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நாடகம். நான் கத்தக் கத்த, டி.வி. சத்தம் கூடியது.

அடித்தேன்.

என் கைகளுக்குக் கீழே இன்னும் இரண்டு கைகள் அடித்தன.

நான் ஓங்கும்போது அவையும் ஓங்கின. என் விரலில் அவை உரசின. ஈரமாக, ஐஸ்போல...

நான் நிறுத்தினேன்.

அவை நிறுத்தவில்லை.

"நீங்களும் தட்டுங்கண்ணே," என்றாள்.

தட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் உடைந்தது அப்போதுதான். வலிக்கவே இல்லை.

கதவு திறந்தபோது வெயில் அடித்தது. நான் தரையில் கிடந்தேன். சிவராமன் காபி டம்ளரோடு நின்றார். முகம் கழுவி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. பின்னால் விசாலாட்சி தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றார். முகமே தெளிந்திருந்தது.

"நல்லாத் தூங்குனோம் தம்பி," என்றார் விசாலாட்சி. "ஒரு வாரமாச்சு."

நான் பையைக்கூட எடுக்கவில்லை. வாசலில் ஜீப் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். சோலைமுத்து என் கையைப் பார்த்தார். தன் துண்டைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினார். பாதி மலை இறங்கினோம்.

"அவ யாருண்ணே?" என்று கேட்டேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேனகான்னு பேரு. லயத்துப் புள்ள, எஸ்டேட் கூலிக்காரக வரிசை வீட்டுப் பொண்ணு. அவுக குடும்பம் சிலோன்லருந்து வந்தவுக. கம்ப்யூட்டர் படிச்சிட்டு இங்கயே வேலைக்கு வந்துச்சு. போன வருசம் முதலாளியம்மா வளையலக் காணோம்னு, இந்தப் புள்ளதான் எடுத்துச்சுன்னு அந்த ரூம்ல வச்சுப் பூட்டுனாக. விடிஞ்சா ஒத்துக்குவான்னு."

"அப்புறம்?"

"அதுக்கு இழுப்பு நோய். கத்தத் தெம்பு இல்ல. அந்த மிசினு கீபோர்டுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டே இருந்துருக்கு. பீப்பு பீப்புன்னு சத்தம் வந்தா யாராச்சும் வருவாகன்னு. வீடு பூராம் கேட்டுச்சு. அவுட்ஹவுஸ்ல எனக்கே கேட்டுச்சு தம்பி."

"யாரும் போகலையா?"

"முதலாளி போனாரு. தூக்கம் கெடுதுன்னு மெயின் சுச்ச அமத்திட்டு வந்து படுத்துக்கிட்டாரு."

ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. காபிச் செடிகளுக்கு நடுவே பெண்கள் சிலர் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"அதுலருந்து தெனமும் அந்த வீட்ல அந்தச் சத்தம். ராவுல கண்ணு மூட முடியாது. வெளியூர் போய்ப் படுத்தாலும் அவுகளுக்குக் கேட்டுச்சாம். ஆனா அந்த ரூம்ல ஆளை வச்சுப் பூட்டுனா மட்டும் அவுகளுக்குக் கேக்காது."

"அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அவ ஆத்தா குஞ்சம்மா வந்து எம் மக எப்படிச் செத்தான்னு சண்ட போட்டுச்சு. வாய மூடட்டும்னு அதையும் அந்த ரூம்லயே போட்டுப் பூட்டுனாக. அன்னிக்கித்தான் வீட்ல மொதமொதலாத் தூங்குனாக."



"அதுக்கப்புறம் அந்த அம்மா போலீசுக்குப் போகலையா?"

"எங்கயும் போகல. தெனம் சாயங்காலம் தானா வரும். என்னைய உள்ள வச்சுப் பூட்டுங்கன்னு கேக்கும். மக உள்ள தனியா கெடக்கா, விட்டுட்டு எப்படிப் படுக்கிறதுன்னு சொல்லும். ஒரு வருசம் அப்படி... போன வாரந்தான் செத்துப்போச்சு. அந்த ரூம்லயே."

தாண்டிக்குடி வந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் இறங்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதான் என்னக் கொண்டுபோய் விட்டீங்களா?"

அவர் இன்ஜினை அணைத்தார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு தம்பி. பதினேழு வயசு. குஞ்சம்மா செத்த மறுநாள், உம் மகள சாயங்காலம் அனுப்புடான்னாக. நான் கால்ல விழுந்தேன். அப்புறம் நாந்தான் யோசன சொன்னேன். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு கடைக்குப் போன் போடுங்க, வெளியாள் வரட்டும்னு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை நீட்டி என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். நான் இறங்கினேன்.

நான் பஸ் பக்கம் நடக்கும்போது அவர் கூப்பிட்டார். திரும்பினேன். முதல்முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி... ஒட்டன்சத்திரத்துல கம்ப்யூட்டர் கடை ஏதாச்சும் தெரியுமா? இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆள் வேணும்."