பாஸ்வேர்ட் கேட்காத பெட்டி

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில், புடவைக்கு டிசைன் போடும் வேலையில் நான் சேர்ந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி மாடியேறினால் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருக்கும். கரை, முந்தி, புட்டா எல்லாவற்றையும் திரையில் கட்டம் கட்டமாக வரைவோம். அது முடிந்து தறிக்குப் போகும்.

எங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஏசி அறையில் இருந்த சர்வரில் இருந்தது. அந்தப் பொது ஃபோல்டர் எங்கள் திரையில் தெரியும். உள்ளே போகலாம், என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து எதையாவது இன்ஸ்டால் செய்யப்போனால் திரையில் ஒரு பெட்டி வந்து குறுக்கே நிற்கும். அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்ட் கேட்கும். நான் வருவதற்கு முன்னால் யாரோ பென் டிரைவில் ஒரு கேம் கொண்டுவந்து போட்டு, வைரஸ் புகுந்து, தீபாவளிக்கென்று வரைந்துவைத்த டிசைன்கள் மொத்தமும் அழிந்துபோனதாம். அன்றைக்கே முதலாளி எல்லாவற்றையும் பூட்டச் சொல்லிவிட்டார்.

அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்திலிருக்கும் ஓரிக்கைக்காரர். வீட்டில் நிலம் உண்டு. அண்ணன்கள் பயிரைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடையின் சர்வர், பில் போடும் மெஷின், கேமரா என்று எல்லா ஒயருக்கும் பொறுப்பாக இருந்தார்.

முதல் தடவை, சர்வரில் இருந்த கலர் சார்ட் ஒன்றை என் கம்ப்யூட்டரில் போடுவதற்காக அவரை இன்டர்காமில் கூப்பிட்டேன். மாடியேறி வந்தார்.

"இன்னா மேடம், பெட்டி வந்துச்சா?"

"ஆமா சார். பாஸ்வேர்ட் கேக்குது."

அவர் குனிந்து டைப் அடித்தபோது நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். "யாரும் இப்படித் திரும்பிக்க மாட்டாங்க மேடம். எல்லாரும் விரலையே பாத்துக்கினு இருப்பாங்க."

இன்ஸ்டால் ஆவதைக் காட்டும் பச்சைக்கோடு மெதுவாகத்தான் நகரும். பழைய நெட்வொர்க். கோடு முடியும் வரை அவர் போக முடியாது. நடுவில் இன்னொரு தடவை பாஸ்வேர்ட் கேட்டாலும் கேட்கும். ஆகவே பக்கத்து நாற்காலியை இழுத்து உட்காருவார். பாலாற்றில் தண்ணீர் வந்திருப்பதைச் சொல்வார். நான் வரைந்துகொண்டிருக்கும் டிசைனைப் பார்த்து, "இந்த அன்னத்துக்குக் கழுத்து வலிக்கப்போகுது, கொஞ்சம் நிமித்துங்கமா" என்பார். மேடம் போய் 'மா' வந்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. நான் கடைசிவரை சார் என்றுதான் சொன்னேன்.

சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு ஏதாவது சர்வரில் வந்திருக்கிறதா என்று காலையில் வந்ததும் பார்க்கத் தொடங்கினேன். வந்திருந்தால் அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும். அவருக்கும் அப்படி இருந்ததா என்று தெரியாது. பச்சைக்கோடு முடிந்த பிறகும் அவர் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியும்.

பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். நல்ல கம்பெனி. நான் சந்தோஷம் என்றேன். கிளம்புவதற்கு முந்தின நாள், கூப்பிடாமலே மாடிக்கு வந்தார்.

"டிசைனுக்குன்னு ஒரு குரூப் போட்டு உங்கள அதுல சேத்துட்டேன்மா. பொது ஃபோல்டர்ல இருக்கறத இனிமே நீங்களே போட்டுக்கலாம். பாஸ்வேர்ட் கேக்காது. முதலாளிகிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

எனக்காக முதலாளியிடம் போய் நின்று வாங்கியிருக்கிறார். நன்றி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்போ யாரையும் கூப்புட வேணாமா?"

"வேணாம்மா." அவர் கீ போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா வர்ற ஆளு எப்படி இருப்பாரோ. நீங்க போயி அவர்கிட்ட கெஞ்சிக்கினு நிக்கக் கூடாது, அதான்."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல் இருந்தது. கீழே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

அவர் போனபின், கொஞ்ச நாளிலேயே ஒரு புதுப் பதிப்பு வந்தது. அழுத்தினேன். பழைய பெட்டி வந்து குறுக்கே நின்றது. பாஸ்வேர்ட் கேட்டது. அந்தப் பெட்டியைப் பார்த்து வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றுதான். பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"சார், கேக்குது."

"கேக்கக் கூடாதேமா." யோசித்தார். "கம்ப்யூட்டர ஆஃப் பண்றீங்களா, இல்ல திரைய மட்டும் பூட்டிட்டுப் போறீங்களா?"

"பூட்டிட்டுத்தான் போவேன். வரைஞ்சுக்கினு இருக்கறது மூடிப்போயிடுமே."

"அதான். ஒருக்கா லாக் ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க. குரூப்ல சேத்தத அப்பதான் அது எடுத்துக்கும்."

செய்தேன். போனை அவர் வைக்கவில்லை. திரும்ப உள்ளே வந்து அழுத்தியதும், எதுவும் கேட்காமல் பச்சைக்கோடு ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் பெங்களூரின் ஹாரன் சத்தம். இந்தப் பக்கம் எங்கள் மின்விசிறி.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்போ சரிமா." சிறிது நேரம் கழித்துத்தான் போனை வைத்தார்.

அதன்பின் கூப்பிடக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமல் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அவர் எண்ணை எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அவருக்குக் கல்யாணம் ஆனதைக் கடையில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு வந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின, நானும் வருத்தப்படவில்லை.

போன பங்குனி உத்திரத்தன்று ராஜ வீதியில் கூட்டத்துக்குள் அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் மனைவி. அவர்தான் முதலில் என்னைக் கண்டு நின்றார்.

"நல்லா இருக்கீங்களாமா? இன்னும் அங்கதானா?"

"அங்கதான் சார். சர்வர மாத்திட்டாங்க."

"மாத்தித்தான் ஆகணும். அதுக்கு ரொம்ப வயசாயிடுச்சு." மனைவியிடம் திரும்பி, "கடையில டிசைன் போடுவாங்கன்னு சொல்லியிருக்கேனே, இவங்கதான்" என்றார்.

அந்தப் பெண் நன்றாகச் சிரித்தாள். என்னைப் பற்றி அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க முடியாது. குழந்தை சாமி பார்க்க வேண்டும் என்று அழ ஆரம்பித்தது. கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போனது. நான் ஒரு கடையின் படியில் ஏறி நின்று, அந்தக் குழந்தையின் மஞ்சள் சட்டை தெரியும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.