மரியமுத்துவுக்கு ஒரு பூசை

நான் பொய்ச் சான்று எழுதியவள். அதுவும், பொய்ச் சான்றைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே!

இத்தாலியில், பலெர்மோ நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகம். முதலில் அங்கே அலுமாரிகளைத் துடைத்தேன். ஆங்கிலம் தெரிந்தபடியால், கணினியில் நூல் தேடக் காட்டிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. முதலாண்டுப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளை ஓயாமல் சொல்வேன்: சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? நீ நேரில் பார்த்தாயா? என் தொணதொணப்புக்குக் கண்ணை உருட்டுவார்கள். அந்தக் கழுதைகளை எனக்கு எவ்வளவு பிடிக்கும், தெரியுமா?

அவர்களில் ரெஜினா எங்கள் பிள்ளை. தாய் மன்னாரிலிருந்து வந்து பொலிதேயாமாப் பகுதியில் வீட்டு வேலை செய்பவள். எங்கள் சனம் இந்த நகருக்கு வந்த கதையையே ரெஜினா கடைசி ஆண்டு ஆய்வாக எடுத்தாள். முதலில் வந்த ஒருவரின் வாய்மொழி கட்டாயம் வேண்டும்... யார் வாய் திறப்பார்கள்? பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லாமல் களவாக வந்ததைத் தாளில் ஏற்ற எல்லோருக்கும் பயம். பெற்ற தாயே மறுத்துவிட்டாள்.

"அக்கா, இது இல்லாட்டி நான் படிப்பை முடிக்கேலாது," என்று அழுதாள்.

அன்று மாலையே, சீசா என்ற பகுதியிலிருந்த என் அறையில், மரியமுத்து என்றொரு பெண்ணைப் படைத்தேன். உற்றார் உறவினர் இல்லாதவள். விசாரிக்க ஆளிருக்கக் கூடாதே! பயணமும் பசியும் அங்கங்கே என் காதில் விழுந்தவை. ஆள் மட்டும் இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச மனுசி. நான் கேட்டு எழுதினனான்," என்று தாள்களைக் கொடுத்தேன்.

மூன்று கேள்விகளில் ஒன்றையாவது கேட்டிருக்கலாமே! "நீங்கள் சொன்னால் சரிதானே, அக்கா," என்று கட்டிப்பிடித்தாள். எவரையும் கேளாமல் நம்பாதே என்று கற்பித்த நான், என்னை நம்பவிட்டேன். அன்பினால்தான் செய்தேன்... அப்படிச் சொன்னால் குற்றம் குறைந்துவிடுமா?

பட்டம் கிடைத்தது. பிறகொருநாள், "அந்த அம்மாவைப் பாத்து நன்றி சொல்லவேணும்," என்றாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "அவ செத்துப்போனா," என்றேன். பிறக்காதவளைக் கொன்றும் ஆயிற்று!

ரெஜினா விம்மி அழுதாள். அந்தக் கார்த்திகையில், மரித்தோர் மாதத்தில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மரித்தோர் பட்டியலில் மரியமுத்துவின் பெயரைச் சேர்த்துப் பூசை ஒப்புக்கொடுத்தாள். இன்றுவரை ஆண்டு தவறவில்லை.

இன்று காலையும் சாமியார் அந்தப் பெயரை வாசித்தார். என் கையைப் பிடித்தபடி முழங்காலில் நின்ற ரெஜினா, காதுக்குள் கேட்டாள்: "பாவம், இவவுக்கு எங்களை விட்டா ஆர் அக்கா இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

மரியமுத்துவைப் பற்றி நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அது.