டிராக்டர் விழுங்கிய கடைசி வரி

ரூசே நகரத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நூலகத்தில் பார்வையற்றோர் பகுதி இஸ்க்ராவின் பொறுப்பு. நெசவாலையை மூடியபோது இங்கே வந்தவர். தறிச் சத்தத்துக்குப் பழகிய காது என்பதால் பிரெயில் அச்சுப்பொறியை அவர் தலையில் கட்டினார்கள். அது ஓடினால் மாடியே அதிரும். செல்லப்பெயர் டிராக்டர்.

வசந்தத்தில் கணினியை மாற்றி இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டார்கள். அன்று முதல் டிராக்டர் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை விழுங்கியது. துப்பறியும் கதைகளே கதி என்றிருக்கும் பார்வையற்ற வாசகர் கமென்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்.

"இஸ்க்ரா, இந்தப் புத்தகத்துல மூணு கொலைகாரனப் பிடிச்சிருக்கேன். மூணும் நானா பிடிச்சது. எழுதினவன் யாரைப் பிடிச்சான்?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"நான் பொறுப்பேன். உங்க திம்சோ பொறுப்பாரா?"

இயக்குநர் திம்சோ பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் டிராக்டர் பழைய இரும்புக்குப் போகும் என்றார். புதியது வாங்குவது பற்றிப் பேசவில்லை. வாங்கப்போவதில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

மென்பொருளை எழுதுபவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிய தன்னார்வலர்கள். இந்தக் கோளாறைப் பற்றி இணையத்தில் எட்டு ஆண்டுகளாக அறுநூற்றுப் பதினொரு பதிவுகள், அத்தனையும் ஆங்கிலம். இஸ்க்ரா பள்ளியில் படித்ததோ ரஷ்ய மொழி. எட்டிப் பார்த்தவருக்குச் சண்டை நடப்பது மட்டும் விளங்கியது.

செவ்வாயன்று எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொட்டி, தன் மொழியில் கேட்டார்: "இதுல யார் சொல்றது சரி?"

"ரெண்டு பக்கமும் சரிதான். ஒருத்தர்கிட்ட பழைய மாடல், இன்னொருத்தர்கிட்ட புதுசு. 348-வது பதிவுல அஸ்லாக்னு ஒருத்தர் பழைய மாடலுக்குத் திருத்தம் எழுதியிருக்கார். அதைச் சோதிச்சுச் சேர்த்துட்டாங்க."

"சேர்த்துட்டா எங்க டிராக்டர் ஏன் இன்னும் முழுங்குது? அந்த இடத்தக் காட்டு."

"மன்னிச்சிடுங்க, தப்பாச் சொல்லிட்டேன். சேர்க்கல. இந்த மாடல் வெச்சிருக்கறவங்க ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்கன்னு அஸ்லாக் கேட்டிருக்கார். ஒருத்தரும் பாக்கல."

"அப்ப மீதி இருநூத்தி அறுபத்திமூணு பதிவு?"

"இந்த மாடல் உலகத்துல இன்னும் யார்கிட்டயாவது இருக்குமாங்கற விவாதம்."

இஸ்க்ரா திரும்பிப் பார்த்தார். உலகத்தில் இல்லாத மாடல் மூலையில் நின்றுகொண்டிருந்தது, தலையில் ஜெரேனியம் தொட்டியோடு.

612-வது பதிவை அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் ஆங்கிலமாக்கியது: "என்கிட்ட இருக்கு. மேல பூந்தொட்டி இருக்கு, எடுத்துடறேன்."

"தொட்டியப் பத்தியும் போடணுமா?"

"போடு. நம்பணுமில்ல."

ஒரு மணி நேரத்தில் அஸ்லாக்கின் பதில் வந்தது: "ஆறு வருஷமாக் காத்திருக்கேன். தொட்டிய எடுங்க."

புதனன்று போட்ட திருத்தத்தில் கடைசி வரி வந்தது, முந்தைய வரியின் மேலேயே. அஸ்லாக் மறுபடி எழுதினார். வியாழன் காலை கமெனின் விரல் பக்கத்தின் அடிவரை இறங்கி நின்றது.

"இருக்கு!" என்றார். கடைசி அத்தியாயத்தைத் தேடித் தடவினார். முகம் தொங்கிப்போனது.

"பல் டாக்டரா? சீ! என் ஆளு இவனைவிட எவ்வளவோ தேவலை."

"அப்ப டிராக்டரை இரும்புக்குப் போட்டுடலாமாண்ணே?"

"அடி போடீ! வசந்தத்துல இருந்து படிச்ச பதினோரு புத்தகத்தையும் திரும்ப அடிச்சுக் குடு. எத்தனை நிரபராதிய உள்ள தள்ளியிருக்கேனோ!"

வெள்ளியன்று, திம்சோ முன்பே சொல்லிவைத்திருந்த பழைய இரும்புக்காரர் வந்தபோது மாடி அதிர்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.