காலிக் கட்டிலில் கேட்ட மூச்சு

சபையாருக்கு முன்னால் எழும்பி நின்று பேச எனக்கு வராது. அதனால் என் சாட்சியை எழுதித் தருகிறேன். கர்த்தர் செய்ததை மறைத்து வைக்க எனக்குத் துணிவில்லை.

போன வருஷம், அதாவது 2004, இடவப்பாதி மழைக்காலம். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. பகலில் ஹாஸ்டலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. காரணமில்லாமல் அழுகை வரும், சோறு இறங்காது. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் தெளிந்து வந்தேன். அப்போதுதான் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "விசுவாசம் உள்ளவளுக்கு மாத்திரை எதுக்கு மக்ளே?" என்று கேட்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசுவாச வீராங்கனை அல்லவா நான்!

இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா போனில், "ஒறங்கினியா மக்ளே?" என்பாள். "ஒறங்கினேம்மா" என்று பொய் சொல்வேன்.

என் அறையில் இரண்டு கட்டில். எதிர்க் கட்டிலில் இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒரு மத்தியானம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தபோது அந்தக் காலிக் கட்டிலிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. அயர்ந்து தூங்குகிறவர்கள் விடுகிற நீண்ட மூச்சு. எழுந்து பார்த்தால் வெறும் மெத்தை. படுத்தால் மறுபடியும் மூச்சு. தினமும் கேட்டது. எனக்கு வராத தூக்கத்தை அங்கே யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது. நாளாக நாளாக, அந்த மெத்தையின் ஓரத்தில் எனக்கென்று இடம் விட்டிருப்பதுபோலத் தோன்றியது. அங்கே போய்ப் படுத்தால் தூக்கம் வரும், பிறகு எழும்பவே வேண்டாம் என்று மனம் சொன்னது. ஒருநாள் எழுந்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன்.

அங்கேயே முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, இதைத் துரத்தும்" என்று அதுவரை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். அன்று வாயில் வேறு வார்த்தை வந்தது. "ஆண்டவரே, இந்தக் கட்டிலுக்கு ஒரு மனுஷியைக் கொண்டுவாரும்."

ஆமென் சொல்லி எழும்புவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். வார்டன். பின்னால் நனைந்த பையோடு ஒரு பெண். பெயர் பிந்து, கொல்லத்துக்காரி. நேராகப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"சேச்சி, இப்ப இங்க யாரு கிடந்தது? மெத்தை சூடா இருக்கல்லோ!"

வெளியே மழை. வெயிலைக் கண்டு வெகு நாளாகியிருந்தது. அவள் மெத்தையைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள். சற்று நேரத்தில் குறட்டை. அப்படி ஒரு குறட்டை! அந்த மூச்சு அதோடு நின்றது. நான் வாய்விட்டு அழுதேன்.

பிந்துவிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ட அம்மை பழவங்காடி கணபதிக்கு வந்து தேங்காயும் உடைக்கும், பிரஷர் குளிகையும் முழுங்கும். தெய்வம் கோபிக்கல்லையே சேச்சி!" என்றாள். கையோடு தம்பானூருக்குப் பஸ் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஜெபத்துக்கு விடையாகக் கணபதி கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண்ணா வருவாள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அதை அனுப்பியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கம் ஒரே நாளில் வரவில்லை. டாக்டர் திட்டிவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். பகல் ஷிப்டுக்கு மாறினேன். மெல்ல மெல்ல வந்தது. முதன்முதலாக நடுவில் விழிக்காமல் விடிந்த அன்று, திரையை விலக்கிவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். இன்றும் ஜெபித்துவிட்டுத்தான் மாத்திரை போடுகிறேன். இரண்டுமே அவர் தந்தவை.

பிந்துவுக்குப் போன மாதம் கல்யாணம். கட்டில் மறுபடியும் காலி. உங்களில் தூக்கமில்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிற சகோதரி யாராவது இருந்தால், ஜெபியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தனியாக மட்டும் கிடக்காதீர்கள், என் அறைக்கு வாருங்கள். புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்த மெத்தையில் கை வைத்துப் பார்க்கிறேன். குளிர்ந்துதான் இருக்கிறது.