சிவப்பே வராத இரண்டு வருஷம்

வக்கீல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அவள் கம்பெனி ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. தலையில் பாதி நரைத்ததுதான் இதுவரை கண்ட லாபம் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இப்போதெல்லாம் அதையும் விட்டுவிட்டார்.

ஜூனியராக இருந்தபோது ஓர் அப்பீலின் கடைசி நாளைத் தவறவிட்டாள். ஒரே ஒரு நாள்தான். கட்சிக்காரருக்கு வீடு போயிற்று. அந்த உறுத்தலில் பிறந்ததுதான் அவளுடைய மென்பொருள். வழக்கின் தேதிகளைப் பதிந்து வைத்தால், கடைசி நாள் நெருங்கும்போது திரையில் சிவப்பு காட்டும். வேலை முடிந்தால் பச்சை. இதைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி இறங்காத வக்கீல் ஆபீஸ் கிடையாது. "எங்க குமாஸ்தாவுக்கு எல்லாத் தேதியும் மனப்பாடம்மா" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பார்கள். கூட்டாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

மிச்சமிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர், இன்று அவள் வந்திருக்கும் இந்த வக்கீல் அலுவலகம். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் அவளிடம் வேலை செய்யும் நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சீனியர் வக்கீல் திரையைக் காட்டிப் பூரித்தார். "ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட சிவப்பு வரலம்மா!"

அவர் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டு, நன்றி சொல்லத் தலைமைக் குமாஸ்தாவின் அறைக்குப் போனாள். அவர் போன வாரம் தாக்கல் செய்த மனுக்களை அப்போதுதான் பதிந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, முடிஞ்சுபோன வேலையப் போய் ஏத்துறீங்க?"

"முன்னாடியே ஏத்துனா சிவப்பு வந்துடுது மேடம். வந்தா ஐயா குதிப்பாரு. அதான் முடிச்சுட்டு ஏத்துறோம். நேரா பச்சைதான்."

"அப்போ கடைசி நாள் எப்படித் தெரியும்?"

அவர் பெருமையாகத் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து கிடைத்துவிடும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சீனியரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "குமாஸ்தாவத் திட்டாதீங்க சார். ஆனா இப்படிப் பண்ணா என்னைக்காவது ஒரு தேதி போயிடும்." சொல்லி முடித்தபோது நாலு பேரின் வேலையும் போனது போனதுதான் என்று நினைத்தாள்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

"இது எனக்குத் தெரியாதாம்மா? புதுசா வர்ற கட்சிக்காரங்க இந்தத் திரையப் பாத்துட்டுதான் கேஸ் கட்டக் குடுக்கறாங்க. பச்சையா இருக்குல்ல, அது போதும்."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆறு வருஷமாக எதற்காக நாய் படாத பாடு பட்டாளோ, அது இந்த அலுவலகத்தில் ஒரு நாள்கூட நடக்கவில்லை. படியிறங்கும்போது போன் அடித்தது. அவளுடைய ஆபீஸ் பெண்.

"என்னாச்சுக்கா?"

"போட்டுட்டாரு."

அந்தப் பக்கம் நாலு பேரும் போட்ட கூச்சல் காதைப் பிளந்தது. அவர்கள் கத்தி முடிக்கட்டும் என்று அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.