எதிரணியில் நின்று தேர்ந்த நினைவகம்

எங்கள் வீட்டில் மடிக்கணினி ஒன்றுதான். பெங்களூரில் எவரோ பயன்படுத்திக் கழித்ததை அக்காவும் நானும் சேர்ந்து வாங்கினோம். அக்கா ஓசூர்த் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைப் பொருத்தும் வரிசையில் வேலை செய்தாள். ஷிப்ட் முழுவதும் நின்றபடியே. நான் கல்லூரி மாணவன், மேடைப் பேச்சாளன். பரிசு பெறாமல் திரும்பிய மேடைகள் எனக்குக் குறைவு. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

அக்காவின் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவுக்கு உள்ளிருந்தே ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். கணினியில் முப்பரிமாண வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் உட்கார்ந்து செய்யும் வேலை. டிப்ளமோ படித்தபோது கற்றதை அவள் வீட்டில் மீண்டும் பழகத் தொடங்கினாள். ஆனால் பாகங்களை ஒன்றுசேர்த்துத் திருப்பிப் பார்க்கும் கட்டம் வந்ததும் திரை உறைந்துவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

அப்போது ஒரு செலவைத்தான் எங்களால் தாங்க முடியும். ரேம் என்னும் நினைவகத்தைக் கூட்டுவதா, கோப்புகளைச் சேமிக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போடுவதா? அக்கா முதலாவதன் கட்சி, நான் இரண்டாவதன் கட்சி. என் உரைப் பதிவுகள் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே ஒரு மாலை அவள் முன் எழுந்து நின்று, வேகம் என்பதே இந்நூற்றாண்டின் அறம் என்று தொடங்கினேன்.

"ஏன்டா, எதிர்ல நான் ஒருத்திதான் உக்காந்திருக்கேன். மைக்கு இருக்கறாப்ல கத்தற."

"பதில் இருந்தா சொல்லுக்கா."

"உங்க மன்றத்துல முதல்ல எதிர்ப்பக்கம் பேசிப் பழகணும்னு சொல்வியே. என் பக்கம் பேசு, பாக்கலாம். தோத்துடுவியோன்னு பயமா?"

அது எங்கள் பேச்சு மன்றத்தின் வழக்கம். எந்த அணிக்குச் சீட்டு விழும் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். அதனால் நம்பாத பக்கத்துக்கே முதலில் சான்று தேடுவோம். மறுத்தால் மானம் போகும்.

"எந்தப் பக்கம் நின்னாலும் ஜெயிப்பேன்கா. அந்த வரைபடத்தத் திற."

அதுவரை அவள் வேலை செய்வதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் சாளரத்தை ஓரமாகத் திறந்துவைத்தேன். அவள் பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கக் கோடு ஏறியது. உச்சியைத் தொட்டதும் அங்கேயே படுத்துக்கொண்டது. அதுவரை அமைதியாக இருந்த டிஸ்க் அந்த நொடியில் கரகரக்கத் தொடங்கியது. நினைவகத்தில் இடம் போதாமல் கணினி எதையோ டிஸ்க்கில் இறக்குவதும் எடுப்பதுமாக இருந்தது.

"எஸ்.எஸ்.டி. போட்டா இந்த இறக்கி ஏத்தறதும் வேகமாகுமே," என்றேன். எதிரணியில் இருந்துகொண்டு சொந்த அணிக்குப் பேசிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "லைன்ல டேபிள் சின்னதா இருந்தா சாமானுக்கு ஸ்டோருக்கும் டேபிளுக்கும் நடந்துக்கினே இருக்கணும். ஸ்டோரப் பக்கத்துல கொண்டாந்து வெச்சா நடை குறையும், நிக்காதில்ல? டேபிளப் பெருசு பண்ணு."

எஸ்.எஸ்.டி. பற்றி நான் சொன்னதும் பொய்யில்லை. என் உரைகளுக்கு அது சரியான விடை. அவள் தேர்வுக்கு அன்று. விடையைத் தேர்வதற்கு முன் யாருடைய கேள்வி என்று பார்க்க வேண்டும். மேடையில் கேள்வி கையில் கொடுக்கப்படுகிறது. ஆகவே இந்த வேலையே எனக்குப் பழகவில்லை.

மறுநாள் அவள் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அடிமூடியைத் திருகிக் கழற்றினாள். உடம்பில் தேங்கிய மின்சாரத்தை இறக்காமல் பலகையைத் தொடக்கூடாது என்பது வரிசையில் வந்த பழக்கம். உள்ளே ஒரு ரேம், அதன் பக்கத்தில் ஒரு வெற்று இடம். இருந்ததன் வகை, அளவு, வேகம் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் கன்னடத்தில் தொடங்கி, அக்காவிடம் தெலுங்குக்கு மாறி, என்னிடம் தமிழில் முடித்தார். எங்களுடையதைவிடப் பெரிய ரேமும் கடையில் இருந்தது. என் கண் அதன்மேல் போனது. "என் வரைபடத்துக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ போதும்டா," என்று அக்கா இருந்ததற்கு இணையான இன்னொன்றையே கேட்டாள்.

பொருத்தியபின் வரைபடத்தைச் சுழற்றினாள். தங்குதடையின்றிச் சுழன்றது. நான் நிறைவுரைக்குத் தொண்டையைச் செருமினேன்.

"தள்ளி உக்காரு. வேல இருக்குது," என்றாள்.

தேர்வு நாள்வரை மாலைகளெல்லாம் அவளுக்கே போயின. என் உரைகளைக் காகிதத்தில் எழுதினேன். வடிவமைப்புப் பிரிவில் அவளை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்தே இருந்ததுல காலு மரத்துப் போச்சுடா."